லேசான மூச்சு

ஜூன் 3

என் தையல்காரருக்கு,

நலம்தான். மூச்சு விட்டாத்தானே முழு நலம்! காய்ச்சல் வார்டுல ஆறு மணி நேரம் ரப்பர் மாஸ்க். விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறேன், தலை விண்விண்ணு தெறிக்குது. கழட்டவும் முடியாது, மூக்கைச் சொறியவும் முடியாது. விடுதியிலிருந்து வீட்டுக்கும் வரக் கூடாதாம். உள்ளேயும் அடைப்பு, வெளியேயும் அடைப்பு. நம்ம குட்டி சாப்பிடுறாளா? ஒரு வரி எழுதினா குறைஞ்சா போயிடுவீங்க?

உங்க நர்சம்மா

ஜூன் 7

நர்சம்மாவுக்கு,

குறைஞ்சு போகலை, இதோ எழுதிட்டேன். குட்டி என் சமையலைத் திட்டிக்கிட்டே சாப்பிடுறா. ரவிக்கை இறுக்கினா பிரிச்சு விடுறதில்லையா? மெத்துன்னு எலாஸ்டிக் வச்சு, அரை விரல் நீளம் கூட்டி, நாலு பட்டை தச்சு அனுப்பியிருக்கேன். பழைய பட்டையைக் கழட்டிட்டு இதை மாஸ்க்ல மாட்டிக்கோ.

உன் தையல்காரன்

ஜூன் 13

என்னங்க,

அந்தக் கைக்கு ஒரு முத்தம்! மூச்சு லேசா வருது. கன்னத்துல தழும்புகூட இல்ல. பெரிய சிஸ்டர், "என்னடி, நீ மட்டும் சிரிச்சுக்கிட்டே வேலை பார்க்கிறே?"ன்னாங்க. அவங்களுக்கும் ரெண்டு கொடுத்தேன். இன்னும் தைங்க.

நர்சம்மா

ஜூன் 24

என்னங்க,

நிதானமா படிங்க. நேத்து மாஸ்க் சோதனை. தலைக்கு மேல ஒரு பிளாஸ்டிக் கூட்டைக் கவுத்து, உள்ளே கசப்புத் தண்ணி தெளிப்பாங்க. மாஸ்க் சரியா ஒட்டியிருந்தா நாக்குல ஒண்ணும் தெரியாது. எனக்கு வேப்பங்காயா கசந்தது. சாயங்காலமே காய்ச்சல். இப்போ நம்ம வார்டுலயே படுத்திருக்கேன். பக்கத்துக் கட்டில்ல பெரிய சிஸ்டர், ஆக்சிஜனோட.

உங்களையே திட்டிக்காதீங்க. முதல் நாளே எனக்குத் தெரியும். அவ்வளவு லேசா மூச்சு வந்தா, ஓரத்துல காத்து நுழையுதுன்னு அர்த்தம். இன்னிக்கு ஒரு நாள் மட்டும்னு தினமும் மாட்டினேன். எனக்கு மூச்சு வேணும்னு இருந்தது. பெரிய சிஸ்டருக்கு ஏன்தான் கொடுத்தேனோ, பாவி. இன்னும் சொல்லலை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க.

நர்சம்மா

ஜூன் 26

அடி என் நர்சம்மா,

உன் கடிதம் வந்தப்போ மிஷின்ல இருபதாவது பட்டை ஓடிக்கிட்டிருந்தது. எல்லாத்தையும் வெட்டிப் போட்டுட்டேன். அவங்ககிட்ட சொல்லிடு. தச்சது நான்தான்னும் சொல்லு. திட்டினா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கலாம்.

உன் தையல்காரன்

ஜூன் 29

என்னங்க,

காலையில சொல்லிடலாம்னு திரும்பினேன். பக்கத்துக் கட்டில் காலி. ஆயாம்மா விரிப்பை மாத்திக்கிட்டிருந்தாங்க.

எனக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு. மூச்சு லேசா வருது. அதைத்தான் தாங்க முடியலை.

நர்சம்மா