உள்ளே போகாத ஏரியல்

இன்று காலை வீட்டு டார்ச் லைட் எரியவில்லை. அடிமூடியைத் திருகித் திறந்தால், பாட்டரிகள் கசிந்து, உப்புப் பூத்து, தகரத்தோடு ஒட்டிக் கிடந்தன. அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியதும் என் கை நின்றுவிட்டது.

“என்ன, பாம்பக் கண்ட மாதிரி நிக்கீக?” என்று என் மனைவி கேட்டாள். அவளிடம் சொல்ல முடியாமல்தான் உமக்கு எழுதுகிறேன்.

நீர் போய் இது நாலாவது மழைக்காலம்.

சங்கரன்கோவிலில் நம் ஓவர்சியர் ஆபீசுக்கு அந்த இரண்டு வயர்லெஸ் பெட்டிகளும் வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். பட்டாளத்தார் கழித்து ஏலம் விட்டவை. குளத்துக் கரைகளில் வெள்ளம் பார்க்கப் போகிறவர்கள் ஒரு மைல் தூரத்துக்குப் பேசிக்கொள்ளலாம் என்று வாங்கினார்கள். எல்லாரும் எட்ட நின்று பார்க்க, நீர் மட்டும் கைக்குழந்தையை வாங்குவதுபோல வாங்கினீர். பர்மாச் சண்டையில் இதே மாதிரிப் பெட்டியோடு அலைந்தவர் அல்லவா நீர்.

ஒன்று உடனே இரைந்தது. மற்றது மூச்சே விடவில்லை. “செத்துட்டு வே. திருப்பி அனுப்பிருவோம்” என்றேன்.

“பெட்டியக் கடைசிலதான் குத்தம் சொல்லணும். மொதல்ல பாட்டரி. பொறவு பாட்டரி தொடுத இடம். பொறவுதான் மத்ததெல்லாம்” என்றீர். அடிப்பக்கத்தைத் திறந்து காட்டினீர். உள்ளே பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து உப்புத்தாள் துண்டு ஒன்றை எடுத்து, அது பொன்னாக மின்னும் வரை தேய்த்தீர். ஏரியலை இழுத்ததும் பெட்டி இரைந்தது. நீர் ரயிலடிப் பக்கம் போய்விட்டீர், நான் ரதவீதியில் நின்றேன். “கேக்குதா வே?” “கேக்குது வே!” அதற்கு மேல் சொல்ல இருவருக்கும் ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே இருந்தோம்.

அந்தப் பெட்டிக்குத் தனியாகச் சுவிட்சு கிடையாது. ஏரியலை வெளியே இழுத்தால் உயிர் வரும், முழுக்க அமுக்கினால் அணையும். மேலே போடும் மூடி இரண்டுக்குமே தொலைந்திருந்தது. “ஒரு விரக்கடை வெளிய நின்னாலும் உள்ள பாட்டரி தீந்துட்டே இருக்கும், பாத்துக்கிடும்” என்று நீர் என்னிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னீர்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் வாசுதேவநல்லூருக்கு அந்தப்புறம், மலையடிவாரத்துக் குளம் ஒன்றுக்கு நாம் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெட்டிகள் என் பொறுப்பில் இருந்தன. அன்று சாயங்காலம் அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போனேன். இளையரசனேந்தலிலிருந்து என் மச்சினன் வந்திருந்தான். அவன் முன்னால் கொஞ்சம் பெரிய ஆளாகத் தெரிய ஆசை. ஏரியலை இழுத்து, பெட்டியை அவன் காதில் வைத்தேன். அவன் வாயைப் பிளந்தான். சாப்பிடக் கூப்பிட்டார்கள். அமுக்கி, துண்டில் சுற்றி, பைக்குள் வைத்தேன்.

குளத்துக் கரையில் துண்டைப் பிரித்தபோது ஒரு பெட்டியின் ஏரியல் விரற்கடை அளவு வெளியே நின்றது. இன்றைக்கு முன் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் ஓவர்சியர் நின்றார். சட்டென்று அமுக்கினேன். திரும்பி நின்று மறுபடி இழுத்துப் பார்த்தேன், மெல்லிசாக இரைச்சல் வந்தது. தாங்கும் என்று எண்ணிக்கொண்டேன். அதைத்தான் உம் கையில் கொடுத்தேன். நல்லதை நான் வைத்துக்கொண்டேன்.

நீர் வடக்குக் கோடிக்கு நடந்தீர். நான் ஓவர்சியரோடு, நிறைந்த தண்ணீர் வழிந்தோடும் மறுகாலில் நின்றேன். முதல் தடவை கூப்பிட்டபோது உம் குரல் நூல்போல வந்தது. “தண்ணி கரைக்கு ரெண்டு முழம் கீழ நிக்கி வே.” இரண்டாம் தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை.

அந்நேரம் மடை பார்க்கிறவர் கீழே வயல் வழியாக ஓடிவந்தார். “வடக்கால கரைக்கு வெளிப்புறம் மண்ணக் கரச்சுக் கலங்கலாத் தண்ணி கக்குது சாமி! கரை நிக்காது!”

“அவர எறங்கச் சொல்லும்யா!” என்று ஓவர்சியர் கத்தினார்.

“எறங்கும் வே! கரைய விட்டு எறங்கும்!” என்று பெட்டிக்குள் கத்தினேன். கத்திக்கொண்டே கரைமேல் ஓடினேன். துண்டை ஆட்டினேன். பாதித் தூரத்தில் உம்மைக் கண்டேன். குடைக்காம்பைக் கழுத்தில் இடுக்கி, குத்தவைத்து உட்கார்ந்திருந்தீர். பெட்டி மடியில் இருந்தது. குனிந்த தலை நிமிரவே இல்லை. நீர் பழுது பார்த்துக்கொண்டிருந்தீர். நீர் இருந்த இடத்தில் கரை உள்வாங்கியது. அந்த ஓசை சற்றுக் கழித்துத்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

மூன்றாம் நாள் கிடைத்தீர். பெட்டியின் வார் உம் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. ஆபீசில் அதை நான்தான் திறந்தேன். சேற்றைத் துடைத்தேன். பித்தளைத் தகடு தேய்த்துத் தேய்த்து மின்னிக்கொண்டிருந்தது. நீர் சொன்ன வரிசைப்படியே எல்லாம் செய்து பார்த்திருந்தீர். பெட்டியையும் குற்றம் சொல்லவில்லை, என்னையும் சந்தேகப்படவில்லை. ‘மழைத் தண்ணீர் புகுந்து பழுது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதினாறாம் நாள் உம் வீட்டுக்காரி கேட்டாள். “கடைசியா அந்தப் பெட்டில அவுக என்ன சொன்னாக அண்ணாச்சி?”

“பிள்ளைகளப் படிக்க வைக்கச் சொன்னாரும்மா” என்றேன். அவளைத் தேற்றச் சொன்னதாக ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில், பெட்டி ஏன் ஊமையானது என்று ஊரில் யாரும் தோண்டிக் கேட்காமல் இருக்க வேண்டியிருந்தது எனக்கு. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் தறிக்காரர்களுக்கு ராட்டினத்தில் நூல்தார் சுற்றுகிறாள், இரண்டு பெண்களையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள்.

டார்ச்சை அப்படியே போட்டுவிட்டு இன்று உம் வீட்டுக்காரியிடம் போனேன். மச்சினன், துண்டு, விரற்கடை ஏரியல், ஒன்றையும் மறைக்கவில்லை. ராட்டினம் நின்றது. மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன்.

“பாட்டரி கெடக்கட்டும் அண்ணாச்சி” என்றாள். “அப்பம் பிள்ளைகளப் பத்தி அவுக ஒண்ணும் சொல்லலியா?”

“இல்லம்மா.”

“ஒண்ணுமேயா?”

அப்போது உம் மூத்த மகள் புத்தகக் கட்டோடு உள்ளே வந்தாள். நெற்றி அப்படியே உம்முடையது. “வாங்க மாமா” என்றவள், எங்கள் முகங்களைப் பார்த்து, அப்பாவைப் பற்றித்தான் பேச்சு என்று புரிந்துகொண்டாள்.

“மாமா, ரொம்ப நாளாக் கேக்கணும்னு. அன்னைக்கு அப்பா எம் பேரச் சொன்னாகளா?”

உம் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். அந்தக் கண்கள் என்னிடம் கெஞ்சின.

“சொன்னாரும்மா” என்றேன். “ரெண்டு தடவ சொன்னாரு.”

மகள் சிரித்தாள். உம் வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நூலை எடுத்தாள். நான் தெருவில் இறங்கி நடந்தேன். நீர் சொல்லாத அந்தப் பேர், இரைச்சலுக்கு நடுவே, உம்முடைய குரலிலேயே என் காதில் விழுந்தது. இரண்டு தடவை. எழுதிக்கொண்டிருக்கும் இப்போதும் விழுகிறது.