கிழிந்த சட்டைப் பை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மூட்டு வலி குறைந்ததா? நான் நலம், தையல் ஆலையில் வேலையும் ஒழுங்காக ஓடுகிறது.

இங்கே பஸ் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். நேற்று பஸ்ஸே கொந்தளித்தது. நானும் கத்தினேன். யாரோ கண்டக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பை கிழிந்து தொங்கியது. “நானாம்மா ஏத்தினேன்?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நீங்கள் கண்டக்டராக இருந்தபோது ஒரு நாள் கிழிந்த பையோடு வீட்டுக்கு வந்தீர்கள். ஆணியில் மாட்டிக்கொண்டதாக அம்மாவிடம் சொன்னீர்கள். அதுவும் கட்டணம் ஏறிய நாள்தான்.

இப்போது வேலைக்கு நடந்தே போகிறேன்; கவலைப்படாதீர்கள், பக்கம்தான். காலையில் குளிர்கிறது. உங்கள் பழைய காக்கிச் சட்டை ஒன்று அனுப்புங்கள். பை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, நான் தைத்துக்கொள்வேன்.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்