அப்பாவுக்கு ஒரு சிலுவை மரம்

நவம்பர் 4, திங்கள்

என் மகள் காய்சாவுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறேன், முழங்கால்தான் மழைக்கு முந்தியே சேதி சொல்லிவிடுகிறது, மற்றபடி குறையில்லை. நீயும் மருமகனும் குட்டி லூலேயும் அந்த ஆஸ்திரேலிய வெயிலில் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நேற்றுத்தானே போனில் பேசினோம், இதென்ன புதிதாகக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அப்பாவுக்குச் சிலுவை வெட்டியாச்சா என்று நீ கேட்டபோது இன்னும் இல்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். வெட்டியாகிவிட்டது காய்சா. அதற்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமையே. நான் ஜூனில் வருகிற வரைக்கும் வெட்டாதே, அப்பா வீட்டிலேயே இருக்கட்டும், அவர் இல்லாத வீட்டுக்குள் நான் எப்படி நுழைவேன் என்று அழுதாய், நானும் சரி என்றேன். சொன்ன சொல்லை மீறியது நான்தான், ஹில்யாவோ ரைவோவோ இல்லை. எப்படி, எதற்கு என்று உனக்குச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள், ஏழாம் வகுப்போடு மாட்டுத்தொழுவத்துக்குப் போனவள்.

அடக்கத்தன்று நடந்ததை உனக்கு நான் முழுசாகச் சொன்னதில்லை. நீ நிறைமாதம், விமானத்தில் ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், உன்னை இன்னும் நோகடிக்க வேண்டாம் என்று பாதியை விழுங்கிவிட்டேன். கல்லறைக்குப் போகிற வழியில் காட்டோரம் வண்டியை நிறுத்தி ஒரு மரத்தில் சிலுவை வெட்டினால்தான் போனவர் அந்த மரத்தோடு நின்றுகொள்வார், வீட்டைத் தேடித் திரும்பி வரமாட்டார், நம் வோரு பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சவ வண்டியை ஓட்டிவந்த தானெல் சாரேமா தீவுக்காரன், வேலைக்குச் சேர்ந்து இரண்டே வாரம். அவன் பாட்டுக்குக் காட்டுப் பாதையை விட்டுவிட்டுத் தார் ரோட்டில் நேராகப் போய்விட்டான். பின்னால் ரைவோ, அப்பாவின் ஞானமகன் என்பதால் வெட்ட வேண்டியவன் அவன்தான், மடியில் கத்தியும் காலடியில் வோட்கா பாட்டிலுமாக வந்தவன், வண்டி திரும்பாமல் போவதைப் பார்த்து ஹாரனை அமுக்கினான். அவன் அமுக்கியதைக் கேட்டு மற்ற வண்டிக்காரர்களும் அமுக்கினார்கள். ஏழு வண்டியும் சேர்ந்து ஊளையிட்டால் அந்தத் தீவுக்காரன் என்ன நினைப்பான், இந்த ஊரில் பெரிய மனிதருக்கு இப்படித்தான் மரியாதை செய்வார்கள் போல என்று நினைத்து இன்னும் வேகமாக ஓட்டினான். கல்லறை வாசலில் இறங்கி எங்களைப் பார்த்துத் தலை வேறு தாழ்த்தினான். ரைவோ தொப்பியைக் கழற்றிக் கீழே அடித்து, போச்சு, எல்லாம் போச்சு, இனிமே வெல்லோ மாமா சாயங்காலமே வீட்டுக்கு வந்துருவாரு என்றான். நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். உன் அத்தை ஹில்யா என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே, எண்பத்திரண்டு வயசிலும் அந்தக் கண்ணுக்குக் குறைச்சலில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை, அவர் வருகிறாரா இல்லையா. பயம் இல்லை, நாற்பத்தைந்து வருஷம் கூட இருந்த மனிதரிடம் என்ன பயம். தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு அரிப்பு. வந்தால் எந்தப் பக்கமாக வருவார், செருப்பைக் கழற்றுவாரா, பசிக்குமா. சனிக்கிழமை சவுனாவின் நீராவியில் நான் குளித்து முடித்ததும் ஒரு வாளி வெந்நீரும் பிர்ச் இலைக்கொத்தும் அவருக்காக வைத்துவிட்டு வருவேன், மறுநாள் போய் இலைக்கொத்தைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரமாகத்தான் இருக்கும், சவுனாவில் எதுதான் காயும். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு ரேடியோ தானாக வானிலை சொல்ல ஆரம்பித்தது, அது அப்பா கேட்கிற நேரம், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ரைவோ வந்து பார்த்துவிட்டு, அத்தை, பிளக் ஆடுது, எலி நடந்தாக்கூட பாடும் என்று ஒரு காகிதத்தை மடித்துச் செருகிவிட்டுப் போனான். மறுநாள் அந்தக் காகிதத்தை நான் எடுத்துப் போட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் அடுப்புச் சாம்பலைச் சலித்து வாசற்படியில் பரப்பி வைத்தேன். காலையில் பார்த்தால் நம் பூனையின் கால், ஒரு நரியின் கால், நடுவில் ஒரு மனிதக் கால். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் அது என் செருப்புத்தான், யாராவது வந்திருக்கிறார்களா என்று நானே எழுந்துபோய்ப் பார்த்திருக்கிறேன். ஹில்யாவிடம் சொன்னபோது, நல்லவேளை சாம்பல் போட்டே, மாவு போட்டிருந்தா ஒரு ரொட்டி வீணாயிருக்கும், என் தம்பி உயிரோட இருந்தப்பவே கூப்பிட்ட நேரத்துக்கு வந்ததில்லடி, இப்ப மட்டும் வந்துருவானாக்கும் என்றாள். சொல்லிவிட்டு உடனே முகம் மாறி, ஆனா நீ அவனை இப்படி அலைய விடறது சரியில்ல லைனே, ஆத்மாக்கள் வர்ற நாளுக்குள்ள வெட்டிரு, நவம்பர் ரெண்டு தாண்டக் கூடாது என்றாள். அதற்குத்தான் நீ சொன்னதைச் சொன்னேன், மகள் வரட்டும் என்கிறாள் என்று. அவள் கருப்பு ரொட்டியை விண்டு வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

யாரைக் கேட்டால் தெரியும் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். பாதிரியம்மா தார்த்துவில் படித்தவர், ஆத்மா கர்த்தரிடம் போய்விட்டது, மரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை என்றார். பிறகு வாசல்வரை கூடவே வந்து, எங்க அப்பாவோட மரம் போன புயல்ல சாஞ்சிருச்சு, நாங்க அதை விறகாக்கல, அப்படியே விட்டுட்டோம் என்று மெதுவாகச் சொன்னார். தானெல் செப்டம்பரில் தேடிக்கொண்டு வந்தான், வோருவில் யாரோ அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள் போல. தீவிலிருந்து அவன் அம்மா கொடுத்தனுப்பிய புகைபோட்ட தட்டை மீன் ஒரு பொட்டலம், முகம் முழுக்க வெட்கம். அம்மா, தப்பு பண்ணிட்டேன், எங்க தீவுல இந்தப் பழக்கம் கிடையாது, சுத்தியும் கடல் இருக்கிறப்ப செத்தவங்க எங்க போயிருவாங்கன்னு விட்டுருவோம் என்றான். மோரில் வறுத்த காமா மாவு கரைத்துக் கொடுத்தேன், மூன்று கோப்பை குடித்தான். நீ செஞ்சதுல தப்பொன்னும் இல்ல, எனக்கு நாலு மாசம் துணை கிடைச்சுது என்று நான் சொன்னதும் பாவம் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மீன் நல்ல ருசி, எலும்புகூடப் புகை வாசனை, உனக்குத்தான் கொடுக்க முடியவில்லை.

அக்டோபர் கடைசியில் ஹில்யா, வெட்ட வேண்டாம், மரத்தையாவது பார்த்து வைப்போம் என்று நச்சரித்ததில் நாங்கள் மூன்று பேரும் காட்டுக்குப் போனோம். நம் வீட்டுச் சிலுவை மரங்கள் இருக்கிற இடம் உனக்குத் தெரியும், பள்ளத்தைத் தாண்டி வலது பக்கம். ரைவோ ஒவ்வொரு பைன் மரமாகத் தட்டிப் பார்த்து, இது மாமாவுக்குப் பிடிக்காது, ரொம்ப நேரா இருக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தான். எனக்கு முழங்கால் வலித்ததால் ஒரு பருத்த பைன் அடியில் பாசியில் உட்கார்ந்தேன். முகத்துக்கு நேராகப் பட்டையில் ஒரு சிலுவை. பழசு, ஓரமெல்லாம் மூடி உதடு மாதிரி தடித்துப்போய், தாழ, என் இடுப்பு உயரத்தில். மற்ற சிலுவை எல்லாம் ஆள் நெஞ்சு உயரத்தில் இருக்கும். மரம் வளர்ந்தால் சிலுவையும் மேலே போகும் என்று நினைக்காதே, மரம் உச்சியில்தான் வளரும், வெட்டின இடம் வெட்டின உயரத்திலேயே நிற்கும். அப்படியென்றால் இதை வெட்டினவன் குள்ளன், இல்லை குழந்தை. இது யாரோடது என்று கேட்டேன். ரைவோவுக்குத் தெரியவில்லை. ஹில்யா தடியை ஊன்றிக்கொண்டு கிட்டே வந்து அந்தச் சிலுவையை விரலால் தடவினாள். அப்புறம், வெல்லோ வெட்டினது என்றாள்.

சைபீரியாவுக்குக் கொண்டுபோனபோது அப்பாவுக்கு மூன்று வயசு என்பது உனக்குத் தெரியும், அவர் அம்மா அங்கேயே செத்துப்போனது தெரியும், ஐம்பத்தேழில் அக்காவும் தம்பியுமாகத் திரும்பி வந்தது தெரியும். இது எனக்கே தெரியாது. வந்த வாரமே, பதினொரு வயசுப் பிள்ளை, யாரிடமும் சொல்லாமல் ரொட்டிக் கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போயிருக்கிறார். ஹில்யா தேடிப்போய், அடேய் கிறுக்கா, சவப்பெட்டியே வராம யாராவது சிலுவை வெட்டுவாங்களா, அம்மா அங்க ஆத்தங்கரையில புதைஞ்சு கிடக்கா, எதுக்கு இதுன்னு அடிக்கக் கை ஓங்கியிருக்கிறாள். அதற்கு அவர், அம்மாவுக்கு வழி தெரியாதுல்ல அக்கா, ரொம்ப தூரம், இதுவரைக்கும் அவ வந்துட்டா போதும், மிச்சத்துக்கு நான் வந்துக்கறேன் என்று சொன்னாராம். ஹில்யா இதைச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் பாசியில் உட்கார்ந்துவிட்டாள், அவளை எழுப்ப ரைவோவும் நானும் பட்ட பாடு தனிக் கதை. நீயும் நானும் இத்தனை வருஷம் அப்பாவைக் கேலி செய்திருக்கிறோம் காய்சா, விடியும்போதே காளானுக்குப் போய் மத்தியானம் அரைக்கூடையோடு வருகிற மனிதருக்குக் கண் தெரியவில்லை என்று. எங்கே உட்கார்ந்திருந்தார் என்று இப்போதுதான் தெரிகிறது.

வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே யோசித்தேன். சிலுவை வெட்டுவது வாசலைச் சாத்துவது என்று நான் எண்ணியிருந்தேன், நீயும் அப்படித்தான் எண்ணுகிறாய். அந்தப் பிள்ளைக்கு அது அப்படி இல்லை. வருகிறவருக்கு ஒரு இடம், போகிறவருக்கும் ஒரு இடம், இரண்டு பேரும் பாதிப் பாதி நடக்கலாம். நானோ அவரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு ஆறு மாசமாக ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன். கதவு கிரீச்சிட்டதா, வாளி நகர்ந்ததா என்று. உனக்காகக் காத்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் ஜூன் வரைக்கும் இன்னொரு குளிர்காலம் இப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார என்னால் ஆகாது, நீ வந்து பார்க்கும்போது அப்பா இருப்பார், நான் இருக்கமாட்டேன். இதை போனில் உன் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வியாழக்கிழமை காலை ரைவோவைக் கூப்பிட்டேன். அவன் கூடையும் கொண்டுவந்தான், அத்தை, நீங்க வெட்டுன்னா வெட்டறேன், மனசு மாறிட்டா காளான் பொறுக்கிட்டுப் போயிரலாம், ஒருத்தருக்கும் தெரியாது என்றான். வெட்டு என்றேன். எந்த மரம் என்றான். அந்தப் பழைய சிலுவைக்கு நாலடி தள்ளி கொஞ்சம் சாய்ந்தாற்போல ஒரு பைன், அதைக் காட்டினேன். ஹில்யா பட்டையில் கை வைத்து உயரம் சொன்னாள். ரைவோ நெடுக்குக் கோடு வெட்டினான், குறுக்குக் கோடு வெட்டினான், வெள்ளையாக உள்மரம் தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் பிசின் கசிந்தது. ஆளுக்கு ஒரு மடக்கு வோட்கா குடித்தோம், மரத்தடியிலும் ஊற்றினோம். வாற்கோதுமைப் பணியாரம் சுட்டு எடுத்துப் போயிருந்தேன், அதில் ஒன்றை அங்கேயே வைத்தோம். ஹில்யா கர்த்தர் ஜெபம் சொன்னாள், பாதியில் மறந்துவிட்டது, ரைவோ முடித்தான்.

அவர்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள், நான் வருகிறேன் என்று பின்தங்கினேன். அங்கே நின்று என்ன செய்தேன் என்று கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். அவருக்குச் சேதி சொன்னேன். உங்க மகளுக்குப் பெண் குழந்தை, மூணு கிலோ அறுநூறு, ஜூன் பதினெட்டு, பேரு லூலே, தலை நிறைய முடி, மூக்கு உங்க மூக்கு, அதுக்கு என்ன பண்றது என்றேன். அவர் பேத்தி பிறந்து நாலரை மாசமாகியும் நான் அவரிடம் இதைச் சொன்னதில்லை காய்சா. வீட்டில் அவர் வந்துவிட்டாரா என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் ஒரு வார்த்தை பேசத் தோன்றவில்லை. அங்கே நின்று கால் மணி நேரம் பேசினேன், மாட்டு விலை, கூரை ஒழுகுவது, ரைவோவுக்கு வழுக்கை விழுவது எல்லாம். குரல் கம்மும் அளவுக்குப் பேசினேன்.

உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், திட்டி எழுது, நான் வாசிப்பேன். கர்த்தர் உன்னையும் உன் வீட்டுக்காரரையும் கண்ணின் மணி போலக் காக்கட்டும், லூலேக்குப் பல் முளைக்கும்போது காய்ச்சல் இல்லாமல் முளைக்கட்டும், என் ஆயுளில் கொஞ்சம் அவளுக்குச் சேரட்டும். ஒரு ஜோடி கம்பளிக் கையுறை பின்னி இதோடு வைத்திருக்கிறேன், அங்கே வெயில் என்பாய், இருக்கட்டும், ஜூனில் இங்கே வரும்போது காலையில் குளிரும். மறக்காமல் ஒன்று செய், அவளைக் காட்டுக்கு எடுத்துப்போகும் முன் கொசுவுக்கு நல்ல மருந்தாக அங்கிருந்தே வாங்கி வா, குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே ரொம்ப நேரம் உட்கார வேண்டியிருக்கும், உனக்கும் அவரிடம் சொல்ல நிறைய இருக்கிறது.

உன் அம்மா
லைனே