இரு பக்கமும் சம்மதம்

காஜா பேராங், மலாக்கா
14 செப்டம்பர் 1958

அன்பு மகள் மல்லிகாவுக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. அங்கே குளிர் தொடங்கிவிட்டது, ஆனாலும் சுகம்தான் என்று எழுதியிருந்தாய். இங்கும் சுகம்தான், அம்மாவின் கால்கள் மட்டும் நீ கப்பல் ஏறியபோது இருந்தபடியே இருக்கின்றன. இனி நாட்டு நடப்பு. நம் சாலைக் குழு மூன்று முறை கூடி, யாரும் பாதியில் எழுந்து போகாமல், ஒரு தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. பொதுப்பணி இலாகா அதிகாரி வரும்போது அவரை எதிர்க்கடை மீனாட்சிசுந்தரம் வீட்டுக் கைவைத்த பிரம்பு நாற்காலியில் உட்காரவைப்பது என்பதே அது. நாடு விடுதலை பெற்றபின் நம் வட்டாரம் தானாகவே எடுத்த முதல் தீர்மானம் என்பதால் உனக்குத் தெரிவிக்கிறேன். அதிகாரி வந்தார், கடைசிவரை நின்றுகொண்டே பேசினார்.

செங் ஊருக்குப் போகும் சாலை நம் வாசலில் எவ்வளவு ஒடுங்கிக் கிடக்கிறது என்று உனக்குத் தெரியும். ஜூலையில் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வந்த வண்டி, எதிரே லோரி நின்றதால் முனையிலேயே நின்றுவிட்டது. நானும் மீனாட்சிசுந்தரமும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மழையில் நடந்தோம். அதற்குப் பிறகுதான் நான் குழுவில் சேர்ந்தேன். வந்த அதிகாரியின் பெயர் நல்லையா, யாழ்ப்பாணத்துக்காரர். தமிழர், ஆகவே நாம் சொல்வது புரியும் என்று எல்லோருக்கும் ஆறுதல். நம் வீட்டு முன்னறையில்தான் கூட்டம். இது மாநிலச் சாலை, கோலாலம்பூர் பணம் தராது, மாநிலத்திடம் கல்லுக்கும் தாருக்கும் பணம் இருக்கிறது, நிலம் வாங்கப் பணம் இல்லை என்று அவர் தெளிவாகச் சொன்னார். யாராவது நிலத்தை மனமுவந்து விட்டுக்கொடுத்தால் இந்த ஆண்டே வேலை, இல்லாவிட்டால் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில், அதிலும் இடமிருந்தால். எந்தப் பக்கம் தருவீர்கள் என்று கேட்டார்.

அப்போது தேநீரும் வடையும் வந்தன. அவர் போதும் என்றார், இன்னும் இரண்டு வைத்தோம். மீனாட்சிசுந்தரம் எழுந்து, “என் கடை வாசல் அஞ்சடி நடையை எடுத்துக்கிடுங்க, எதிர்த்தாப்புல சீக்காளி இருக்காக” என்றார். கடை முகப்பை இழந்து வியாபாரம் எப்படி நடக்கும், அது கூடாது என்று நான் சொன்னேன். கட்டிலிலிருந்து அம்மா, “எங்க பக்கமே எடுத்துக்குங்க தம்பி. அவங்க கடை வச்சுப் பொழைக்கிறவங்க” என்றாள். மீனாட்சிசுந்தரம் விடவில்லை, நாங்களும் விடவில்லை. நம்மிடையே முதல் தடவை சொல்வது மரியாதை, இரண்டாம் தடவை சொல்வது பிடிவாதம், மூன்றாம் தடவைதான் பேச்சு தொடங்கும் என்பது நீ அறிந்ததே. நல்லையா ஒரு தடவைதான் கேட்டார். கேட்டதை எழுதிக்கொண்டு, இருபுறமும் கையொப்பம் வாங்கிக்கொண்டு, இவ்வளவு பண்பான மக்களைத் தாம் கண்டதில்லை என்று சொல்லிப் போனார். நாங்களும் அதை ஆமோதித்தோம்.

இரண்டு வாரத்தில் சாலையின் இருபுறமும் சிவப்பு முளைகள் அடிக்கப்பட்டன. நம் பக்கத்து முளை முன்னறையைத் தாண்டி உள்ளே நின்றது. நான் ஆப்பீசுக்குப் போய், எதிர்ப்பக்கம் கொடுத்தால் நம் பக்கம் எதற்கு என்று விசாரித்தேன். அந்தப் பக்கம் சாலைக்கு, இந்தப் பக்கம் வடிகாலுக்கு என்றார் நல்லையா. அது வெறும் மரியாதைக்குச் சொன்னது என்று விளக்க முயன்றேன். அவர் கோபப்படவில்லை. “ரெண்டு பேரும் தாறம் எண்டு சொன்னனீங்கள். நான் அதைத்தானே எழுதினனான்” என்றார். வரைபடத்தை மாற்றலாம், ஆனால் வரைபடம் மாறினால் மதிப்பீடு மாறும், மதிப்பீடு மாறினால் இந்த ஆண்டுப் பணம் வேறு சாலைக்குப் போய்விடும் என்றும் சொன்னார். புக்கிட் பாரு பக்கத்தில் காத்திருக்கிறார்களாம்.

முன்னறை என்றால் அம்மாவுக்கு என்ன என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. எழுந்து நடக்க முடியாமல் போனதிலிருந்து அங்கே சன்னலோரக் கட்டிலில் இருந்தபடியேதான் அவள் ஊரோடு பேசுகிறாள். பால்காரர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை இரண்டு வார்த்தை சொல்லாமல் யாரும் போவதில்லை. மீனாட்சிசுந்தரம் வீட்டு மெய்யம்மை ஆச்சி எதிர்க்கடையில் இருந்தே வெங்காய விலையைச் சொல்வார், அம்மா இங்கிருந்தே பேரம் பேசுவாள். ஆகவே சம்மதத்தைத் திரும்பப் பெறட்டுமா என்று அவளிடம் கேட்டேன். விடுங்க என்றாள். சாப்பிட்டபின் மறுபடி கேட்டேன், தட்டை எடுங்க என்றாள். மறுநாள் காலையில் மூன்றாம் முறை கேட்டேன். “என்னைத் தூக்கிட்டு ஓடுன மாதிரி நாளைக்கு இன்னொருத்திய யாரு தூக்கறது? வண்டி வரட்டும்” என்றாள். அதன்பின் நான் கேட்கவில்லை. மீனாட்சிசுந்தரமும் தம் கையொப்பத்தைத் திரும்பப் பெறவில்லை. இரவில் வந்து ஒரு பொட்டலம் வெங்காயத்தை வைத்துவிட்டுப் போனார்.

நீ கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. சாப்பாட்டைக் குறைக்காதே. அங்கே யாராவது இன்னொரு கோப்பை தேநீர் வேண்டுமா என்று கேட்டால், வேண்டுமென்றால் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு. அந்த ஊரிலும் ஒரு தடவைதான் கேட்பார்களாம். அம்மா உனக்குத் தன் ஆசியைச் சொல்லச் சொன்னாள், திருநீறு மடித்து வைத்திருக்கிறேன். படிப்பு முடிந்து நல்லபடியாக வந்து சேர். அடுத்த கடிதத்தை அம்மா படிக்கும்படி கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது.

உன் அன்பு அப்பா,
மாணிக்கவாசகம்

பி.கு.: முன்னறையை வியாழக்கிழமை பிரித்துவிட்டார்கள். அம்மாவின் கட்டில் இப்போது பின்னறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அங்கே சன்னல் இல்லை.