வைப்பரில் சுற்றிய மாலை நூல்

கவுஞ்சி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கோகுல்ராஜுக்கு அப்பா எழுதுவது. உடம்புக்கு எங்கள் இருவருக்கும் குறைவில்லை, தோகாவில் நீயும் அப்படியே இருக்க முருகன் துணை. அம்மாதான் சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால் பசியில்லை என்கிறாள். போட்ட பூண்டில் பாதி மழையில் அழுகிவிட்டது. போனில் சொன்னால் நடுவில் மறித்துவிடுவாய் என்றுதான் எழுதி, வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்புகிறேன், முழுதும் படி.

போன வியாழன் வெள்ளனே, மழையும் மூடுபனியுமாக இருந்தது, ஜீப்பில் கேரட் மூட்டைகளை ஏற்றிவிட்டு வைப்பரைப் போட்டேன். மோட்டார் முனகியது, வைப்பர் அசையவில்லை. ஃப்யூஸ் நன்றாக இருந்தது, நட்டும் இறுக்கமாகவே இருந்தது. கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. அமாவாசைக்கு அமாவாசை வைப்பரில் மாலை கட்டுகிறோமே, சாமி மாலையை அறுக்கக் கூடாது, தானாக விழட்டும் என்று விட்டுவிடுவோம். பூ உதிர்ந்துவிட்டது, நூல் உள்ளே இறங்கி மோட்டாரையும் வைப்பரையும் இணைக்கும் தண்டில் சுற்றி அதைக் கழற்றிவிட்டிருந்தது. மெக்கானிக் ஞானவேலுக்குப் போன் செய்தேன். "மாலையப் போட்டே வைப்பரக் கொன்னுட்டீங்களேண்ணே" என்று சிரித்தான். பிறகு, "கம்பி கிம்பி கட்டி ஓட்டிராதீங்க, பத்து வளைவு தாங்காது, மழ விடட்டும், நானே வாரேன்" என்றான். நான் கட்டுக்கம்பியால் கட்டினேன். நாலைந்து முறை ஓடிக் காட்டியது, கிளம்பிவிட்டேன்.

பூம்பாறைக்கு இந்தப் பக்கமே கம்பி அறுந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். தண்ணீர் கண்ணாடியில் நிற்காமலிருக்க டிரைவர்கள் செய்வதுபோல உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டு, மண்டிக்கு நேரமாகிறது என்று ஓட்டினேன். கொஞ்ச தூரம் ரோடு தெரிந்தது, பிறகு தெரியவில்லை. மூன்றாவது வளைவில், தலையில் சாக்கைப் போட்டு நின்றிருந்த ஆண்டிச்சாமி அண்ணன் மேல் மோதினேன். மோதிய பிறகுதான் அவரைப் பார்த்தேன், ஜீப்பின் இடது சக்கரம் ரோட்டை விட்டு ஓரத்து மண்ணில் இறங்கியிருந்தது. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

மோதிய அன்று போனில் சொன்னபோது நீ, "மூடுபனின்னு மட்டும் சொல்லுங்கப்பா, வைப்பர் பேச்சையே எடுக்காதீங்க" என்றாய். ஸ்டேஷனில் அப்படியே எழுதிக் கொடுத்தேன். கம்பியை ஓடையில் எறிந்தேன். உன்னைக் குறை சொல்லவில்லை, எழுதிய கை என்னுடையது. ஆனால் இப்போது ஊரில், பனியில் கிழவர்தான் ரோட்டுக்குள் வந்திருப்பார் என்று பேசுகிறார்கள். அண்ணனை அடக்கத்துக்கு எடுத்த அன்று அவர் சம்சாரம் ராக்காயி அக்கா பத்துப் பேர் முன்னால் என்னைப் பார்த்து, "தம்பி, அவரு ஓரமாத்தான நின்னாரு" என்று கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. நான் பாடைக்குத் தோள் கொடுக்கப் போய்விட்டேன்.

நாளை ஜீப்பைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருகிறார். அதற்கு முன் ராக்காயி அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டரிடமும் உள்ளதைச் சொல்லப் போகிறேன். ஞானவேல் சொன்னதையும் சேர்த்து. லைசென்சு போகும், உள்ளே வைத்தாலும் வைப்பார்கள். லீவு போட்டு ஓடி வராதே, உன் சோலியைப் பார்.

உனக்கு ஒரு குறையும் வராமல் தண்டாயுதபாணி காக்கட்டும். அம்மா இன்னும் பனி என்றுதான் நம்பியிருக்கிறாள், இன்று ராத்திரி சொல்வேன். நாளை அழுதுகொண்டே உனக்குப் போன் செய்வாள். அவளைத் தேற்றுவதற்காகக்கூடப் பனி என்று சொல்லிவிடாதே. அவர் ஓரமாகத்தான் நின்றார்.

உன் அப்பா,
சிவமுருகன்