அம்மா வாங்கிய பிரஸ்

லூயிஸ்டவுன், மான்டானா
செப்டம்பர், கடைசி ஞாயிறு

அன்புள்ள ராய்ஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நீ கப்பல் வேலை முடிந்து நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். உன் அப்பாவுக்கு மறதி நோய் இல்லை. உன் தாத்தாவுக்கு வந்தது இவருக்கு வரவில்லை. கிரேட் ஃபால்ஸில் டாக்டரம்மா அரை நாள் உட்காரவைத்து எல்லாச் சோதனையும் செய்தார். கடிகாரம் வரைந்து மணி பதினொன்று காட்டச் சொன்னாராம். அப்பா வரைந்துவிட்டு, "எந்த ஊர் மணின்னு சொல்லலியேம்மா. எம் பையன் அலாஸ்காவுல இருக்கான். அங்க ரெண்டு மணி நேரம் கம்மி" என்றாராம். டாக்டரம்மா வெளியே வந்து என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "இவர் மூளைக்கு ஒண்ணும் இல்ல. கண்ணப் போய்க் காட்டுங்க."

கண்தான், ராய்ஸ். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு அறுவை முடிந்துவிட்டது. கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் நின்றுகொண்டு, "இந்தச் சுவர் வெள்ளையா? மஞ்சள்னு இல்ல நெனச்சேன்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நவம்பர் வேட்டைக்குள் துப்பாக்கியைத் தோளில் வைக்கலாம் என்று கண் டாக்டரும் சொல்லியாயிற்று.

ஜூலையில் போனில் உனக்கு நான் பாதிதான் சொன்னேன். அப்பா அடுத்த அறையில் இருந்தார். இப்போது முழுவதையும் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை எப்போதும்போல் அப்பாவும் அவர் வயதுக் கூட்டாளி மைலோவும் கிளப் மைதானத்தில் இரும்புத் தட்டு சுடப் போனார்கள். நானும் சாண்ட்விச் எடுத்துக்கொண்டு கூடப் போயிருந்தேன். அப்பாவின் ரிவால்வர் ஒரு முறை வெடிக்காமல், பாட்டில் மூடி திறப்பதுபோல் 'டப்' என்றது. தட்டில் எதுவும் படவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த தோட்டாவுக்காக ரிவால்வரின் சுத்தியலைப் பின்னால் இழுத்தார். மைலோ அந்த வயதில் எப்படித்தான் பாய்ந்தாரோ, அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"லீ, வெரல எடு. எடுடா வெரல."

"விடுடா. ஒண்ணு பொசுங்கிப் போச்சு. அடுத்தது நல்லா வெடிக்கும்."

"வெடிக்கும். உங் கையும் சேந்து வெடிக்கும். குண்டு எங்கடா போச்சு? தட்டுல பட்டுச்சா? உள்ளதான்டா இருக்கு."

மைலோ குழலுக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. அந்தத் தோட்டாவில் வெடிமருந்தே இல்லை. அடியில் இருக்கும் வெடிப்பொட்டு மட்டும் வெடித்து, குண்டைக் குழலின் நடுவரை தள்ளிவிட்டு ஓய்ந்திருக்கிறது. அடுத்த குண்டு அதன்மேல் போய் மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மாலை நீ போனில், அப்பா கராஜில் தோட்டா செய்யும் அந்த மெஷினை விற்றுவிடுங்கள், இல்லையென்றால் இந்த வருஷம் வேட்டைக்கு வர மாட்டேன் என்றாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை. பயந்தவன் அப்படித்தான் பேசுவான். ஆனால் உன் குரல் பெரிது, சுவர் மெலிது. போனை வைத்ததும் அப்பா வந்து, "வர மாட்டேன்னு சொன்னானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கராஜுக்குப் போய் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய மெஷினை நீ சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாய். கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் ஒரு காலித் தோட்டாக் கூட்டுக்குப் பொட்டு, பக்கத்துக் கூட்டுக்கு மருந்து, அதற்கடுத்ததற்குக் குண்டு என்று எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். ஆனால் கூடுகள் நிற்கும் தட்டை ஒவ்வொரு முறையும் கையால் ஒரு இடம் நகர்த்த வேண்டும். நகர்த்த மறந்தால் ஒரே கூட்டில் மருந்து இரண்டு முறை விழும்; அதைச் சுட்டால் துப்பாக்கியே வெடிக்கும். இரண்டு இடம் நகர்ந்துவிட்டால் விழாமலே போகும். அப்பா அதற்காக, குண்டு வைப்பதற்கு முன் ஒவ்வொரு கூட்டையும் எட்டிப் பார்ப்பார். கை தவறினாலும் கண் பிடித்துவிடும். இத்தனை வருஷமும் அப்படித்தான் ஓடியது. போன வருஷத்திலிருந்து கூட்டின் அடி அவருக்குத் தெரியவில்லை. வெளியே சொல்லவில்லை. கராஜ் விளக்கை மாற்றிக்கொண்டே இருந்தார். "இப்ப வர்ற பல்பெல்லாம் கண்ணக் கூசுது, உருப்படியா ஒண்ணு பண்றானுங்களா" என்று திட்டுவார். நானும் பல்பைத்தான் குறை சொன்னேன்.

மறதியோ என்று பயந்திருந்த எனக்குக் கண் டாக்டர் சொன்ன பிறகுதான் இது விளங்கியது. அன்றே முடிவு செய்தேன். விற்கச் சொல்லப்போவதில்லை, நான் கற்றுக்கொள்ளப்போகிறேன். எனக்கென்று தோட்டா செய்யும் பிரஸ் ஒன்று வாங்கப்போகிறேன் என்று அவரிடம் சொன்னபோது, "டீச்சர், இது ஜாம் காய்ச்சற வேல இல்ல" என்றார். ஜாம் நன்றாகக் காய்ச்சுகிறவளுக்கு அடுப்பை விட்டு நகரக் கூடாது என்று தெரியும் என்றேன். வேடிக்கை பார்க்க வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவரும் வண்டியில் ஏறினார்.

கண் அறுவை முடிந்த பிறகு, துப்பாக்கிச் சாமான் விற்கும் டார்லாவின் கடைக்குப் போனோம். அவள் மூன்று பிரஸ்களை மேசைமேல் வைத்தாள். முதலாவது அப்பாவுடையதைப் போல வேகமானது, புதியது, தட்டு தானாகவே சுழலும். இரண்டாவது தலையில் எல்லா அச்சுகளும் பூட்டியிருக்கும், தலையைத் திருப்பித் திருப்பி வேலை செய்யலாம். மூன்றாவது வெறும் வார்ப்பிரும்பு. ஒரு சட்டம், ஒரு கைப்பிடி, ஒரு அச்சு மாட்ட இடம்.

"இதுக்கு ஒரு நேரத்துல ஒரு வேலதான் தெரியும் ஆர்டிஸ்," என்றாள் டார்லா. "கூடெல்லாம் நெளிவு எடுக்கணுமா, எல்லாத்தையும் எடுத்து முடி. அப்புறம் அச்ச மாத்து. அப்புறம் குண்டு வை. மருந்து இதுல போட முடியாது, தராசுல நிறுத்து நீயேதான் போடணும்."

அப்பா முதலாவதைத் தட்டிக்கொடுத்தார். "இத வாங்கு டீச்சர். அந்த இரும்புகிட்ட நீ உக்காந்தா, நீ முடிக்கறதுக்குள்ள காட்டுல இருக்கற எல்க் மானெல்லாம் வயசாகித் தானா செத்துரும்."

டார்லா விடவில்லை. "லேலண்ட், வருஷத்துக்கு எல்க்க எத்தன தடவ சுடுவீங்க? ஒரு தடவையா? தப்பிச்சா ரெண்டா? அவங்க என்ன பட்டாளத்துக்கா தோட்டா பண்றாங்க?"

நான் மூன்றின் கைப்பிடியையும் இழுத்துப் பார்த்தேன். என் வகுப்பில் கணக்குக்கு விடையை மட்டும் எழுதிவிட்டுக் காகிதத்தைக் கவிழ்த்துவைக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள், பெரும்பாலும் விடை சரியாகவே இருக்கும். தவறுகிற நாளில்தான் சிக்கல். எந்த வரியில் தவறினான் என்று தேடப்போனால் அங்கே வரியே இருக்காது. வேகமான பிரஸ் அந்த மாதிரி. எல்லாம் ஒரே இழுப்பில் முடிந்துவிடுகிறது, நடுவில் இன்னொருவர் எட்டிப் பார்க்க இடமில்லை. இரும்புப் பிரஸ் ஒவ்வொரு வரியாக எழுதுகிறது. இதை நான் கடையில் உரக்கவே சொன்னேன். "பிரஸ் வாங்க வந்தியா, பரீட்ச பேப்பர் திருத்த வந்தியா?" என்றார் அப்பா. ஆனால் பில் போட்டு முடித்ததும் அந்தக் கனத்தை வண்டிவரை தூக்கிவந்தவர் அவர்தான். டாக்டர் கனம் தூக்கக் கூடாது என்றது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நல்லவேளை, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேசை ஆடக் கூடாது என்று அவரே சுவரோடு சேர்த்து முடுக்கினார். பிறகு, உனக்கு வேண்டியது ஆயிற்று என்பதுபோல் வாசல் பக்கம் போய் ஆணிகளைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் முதல் கூட்டை வைத்து இழுத்தேன். அச்சுக்குள் போனது, திரும்பவில்லை. பலம் கொண்ட மட்டும் தள்ளினேன். கூட்டின் அடிவிளிம்பு பிய்ந்து கையோடு வந்தது, கூடு அச்சுக்குள்ளேயே இறுகிக்கொண்டது.

"எண்ணெய் தடவுனியா?" என்று வாசலிலிருந்து கேட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மறந்துட்டேன்."

ராய்ஸ், உன் அப்பா சிரித்தார். ஜூலைக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். "எனக்கு மறதியாம், டெஸ்ட் எடுக்கக் கூட்டிட்டுப் போனாங்க. வா டீச்சர், வா. இது ஆகாம எவனும் இந்த வேலைக்குள்ள வந்ததில்ல. மைலோ ரெண்டு தடவ மாட்டிக்கிட்டான், கேட்டா இல்லம்பான்." எழுந்து வந்து, கூட்டின் அடியில் துளை போட்டு, மரை எடுத்து, ஒரு போல்ட்டைப் பூட்டி இழுத்து எடுத்துக் கொடுத்தார். எடுத்ததை ஜன்னல் விளிம்பில் நிறுத்திவைத்திருக்கிறார், மைலோவுக்குக் காட்டுவதற்காக. காட்டியும் விட்டார்.

மறுநாள் காலை நான் காபியோடு போனபோது அவர் கைப்பிடி பக்கம் நின்றிருந்தார். யாரும் எதுவும் பேசி முடிவு செய்யவில்லை. நான் எண்ணெய் தடவிக் கொடுத்தேன், அவர் இழுத்தார். மருந்தை நான் தராசில் நிறுத்துப் போட்டேன். கூடுகளை எல்லாம் முட்டை அட்டை மாதிரி குழியுள்ள பலகையில் நிறுத்தி, குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து வரிசை வரிசையாகப் பார்த்தேன். பிறகு அவர் டார்ச்சை வாங்கி, புதுக் கண்ணால் பார்த்தார். "எல்லாம் ஒரே மட்டம்" என்றார். அந்தப் பிரஸ்ஸில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது என்று கடையில் எனக்குத் தெரியாது.

இப்போது எழுதப்போவதை எழுத வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன். போன வியாழக்கிழமை, தான் பழைய மெஷினில் செய்துவைத்திருந்த தோட்டா எல்லாவற்றையும் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். உடைத்துவிடலாம் என்றார். தோட்டாவை உள்ளே பூட்டித் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று விழும் சுத்தியல் ஒன்று அவரிடம் இருக்கிறது. அதை வைத்து ஒவ்வொன்றாகத் தட்டினார், நான் மருந்தை நிறுத்தேன். பெரும்பாலும் சரியாக இருந்தது. காட்டில் கரடிக்காக நீ இடுப்பில் செருகிக்கொள்ளும் ரிவால்வருக்கென்று தனியாக எடுத்துவைத்த தோட்டாக்களும் அதில் இருந்தன. அவற்றில் ஒன்றைத் தட்டியதும் மருந்து தட்டில் குவிந்தது. நிறுத்துப் பார்த்தேன். இரண்டு பங்கு.

அவர் தராசை என் கையிலிருந்து வாங்கி, தானே மறுபடி நிறுத்துப் பார்த்தார். பிறகு, "அவன் சொன்னது சரிதான், ஆர்டிஸ்" என்றார். டீச்சர் என்று சொல்லவில்லை. மிச்சத்தையும் உடைத்து முடித்துவிட்டுத்தான் சாப்பிட வந்தார்.

பழைய மெஷினை அவரே மேசையிலிருந்து கழற்றித் துணி சுற்றி வைத்துவிட்டார். விற்கவில்லை. இடது கண்ணும் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். பார்க்கலாம் என்று நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பேச்சை நீயும் இப்போது எடுக்காதே.

ஸ்னோயி மலை உச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது. கூரையில் ஒழுகிய இடத்தை மைலோவின் மருமகன் வந்து அடைத்துக் கொடுத்தான். உன் பூட்ஸுக்கு எண்ணெய் தேய்த்து அப்பா அடுப்பங்கரையில் வைத்திருக்கிறார். நீ வருகிறாயா என்று என்னிடம் அவர் கேட்கவில்லை. பூட்ஸை மட்டும் எடுத்துத் தேய்த்தார்.

உன்னிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வரும் வழியில் கடைத் தோட்டா வாங்கிக்கொண்டு வராதே. மேசையில் நாங்கள் வைப்பதை எடுத்துக்கொள். உனக்குச் சந்தேகம் இருந்தால் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார், வேண்டுமானால் ஒன்றிரண்டை உடைத்தும் பார். எங்களுக்குத் தெரியாமல் கராஜுக்குள் போய்ப் பார்க்காதே, அவர் எதிரிலேயே பார். தராசை அவரே எடுத்துத் தருவார். நீ கேட்டுவிட்டாயே என்று வருத்தப்பட மாட்டார், நீ வந்தாயே என்றுதான் இருக்கும் அவருக்கு.

கடலில் கவனமாக இரு. கடவுள் உன்னைக் கரை சேர்த்து எங்கள் வாசலுக்குக் கொண்டுவரட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா ஆர்டிஸ்