நான்கு சிவப்புப் பொட்டுகள்

மே 4, ஞாயிறு

காரில் பிரேக் போட்டால் தெருமுனைவரை கேட்கிறது. முன் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் டிஸ்க்கில் விரல்நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். பதினெட்டு வருட வண்டி, அதுவும்தான் என்ன செய்யும்! கடையில் விட்டுவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். தையல் ஆலையில் முந்நூறு மெஷினுக்கு வைத்தியம் பார்க்கிறவள் நான். நாலு போல்ட்டுக்குக் கடையா? எனக்கு வீராப்பு கொஞ்சம் அதிகம்தான்.

மே 10, சனி

காலை முழுக்க வாசலில் ஜாக்கியோடு மல்லுக்கட்டு. பழைய டிஸ்க் துருவில் ஒட்டிக்கொண்டு, சுத்தியலால் நாலு சாத்து சாத்திய பிறகுதான் கழன்றது. புது டிஸ்க், அதைக் கவ்வுகிற புது பிரேக் பேட். பேடை அழுத்துகிற காலிப்பரைப் பக்கத்துக்கு இரண்டு போல்ட் பிடித்திருக்கும். ஆலையில் எனக்கொரு பழக்கம்: முறுக்கி முடித்த திருகின் தலையில் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு. பொட்டு இருந்தால் யாரும் அதை மறுபடி தொட வேண்டாம்.

இன்று பாலிஷ் மகளுடையது. ஒன்பது வயதுக்கு என்ன அதிகாரம்! "அம்மா, காஞ்சு போயிடும், சீக்கிரம் குடு" என்று தலைமேல் நின்றாள். நாலு போல்ட்டுக்கும் பொட்டு வைத்து, பாட்டிலை அவள் கையில் திணித்து அனுப்பினேன். நடுவில் ஆலையிலிருந்து ஃபோன் வேறு. மதியத்துக்குள் சக்கரங்களை மாட்டியாயிற்று.

சாயங்காலம் அவர் மெயின் ரோட்டுச் சரிவுவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து எதிர்வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டிருந்தார். "எங்க வீட்டம்மாவே மாட்டினது சார்!" எனக்கும் தலைகால் புரியவில்லை.

மே 13

இடப்பக்கம் 'டக்'கென்று ஏதோ அடிக்கிறதாம். புதுசு, பழகட்டும் என்றேன்.

மே 15, வியாழன்

சத்தம் கூடியிருக்கிறதாம். ஸ்டியரிங்கை ஒடித்துவைத்து, தரையில் படுத்து டார்ச் அடித்தேன். மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு, பளிச்சென்று. தொடவில்லை.

"பொட்டு இருக்கு. அப்புறம் என்ன?"

"நீ பாத்துட்டா சரிதான்" என்றார். என் வேலையில் அந்த மனுஷன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

மே 17, சனி

ஆலை வண்டியில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது, அதான் எழுதறேன்.

கூட வேலை பார்க்கிற அக்கா இன்று பாலிஷ் காய்கிறதென்று எல்லாத் திருகுக்கும் முதலிலேயே வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு போனார். 'முறுக்காமலே வெக்கிறீங்களேக்கா' என்று கேட்க வாயெடுத்தேன்.

நாலாவது போல்ட். இடப்பக்கம், கீழே. மகள் அவசரப்படுத்தினாளென்று பொட்டை நானும் முதலிலேயே வைத்துவிட்டேன். கையால் திருகிவிட்டேன். ஃபோன் வந்தது. எழுந்து போனேன். திரும்பி வந்து பொட்டைப் பார்த்தேன் — முறுக்கினேனா? இல்ல. முறுக்கவே இல்ல நான்.

மணி பத்தேகால். பத்துக்கெல்லாம் அவளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிட்டுக் கிளம்பியிருப்பாரு. அந்தச் சரிவு வழியாத்தான் போகணும். ஃபோன் அடிக்குது, எடுக்கல. ஓட்டும்போது எடுக்கமாட்டாரு. எடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினதே நான்தான். பாவி, நான்தான். மறுபடி அடிக்கிறேன். எடுங்களேன். எடுங்க.

மே 18

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

மே 26

அவளுக்கு நெற்றியில் ஏழு தையல். அவருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. பெடல் தரைவரை போனதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, தன் பக்கம் சுவரில் மோதும்படி திருப்பியிருக்கிறார். போல்ட்டைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை நான். நாளைக்குச் சொல்கிறேன். நேற்றும் இப்படித்தான் நினைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

நொறுங்கின வண்டியை எடுத்துப்போன மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்காரர் மாவுக்கட்டுக் காலை நாற்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் டீ கொண்டுவந்து வைத்தேன்.

"இடப்பக்கம் கீழ் போல்ட்டே இல்ல சார். காலிப்பர் தூக்கிக்கிட்டு ஆயில் குழாயை அறுத்திருக்கு. முறுக்காமலே விட்டிருக்கான். எந்தக் கடையில மாட்டினீங்க?"

தெருவெல்லாம் பீற்றிய மனுஷன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"பேரு ஞாபகமில்லப்பா. வழியில ஏதோ ஒரு கடை."

"சும்மா விடாதீங்க சார். போய் நாலு கேள்வி கேளுங்க."

"வேணும்னு யாரும் செய்யலப்பா" என்றார், என் பக்கம் திரும்பாமல்.

காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.